நாற்பது ரூபாய்: ஒருதலைக் காதல் படம் ஒன்று எடிட்டில் திருந்திய விதம்

முதல் திரையிடல் முடிந்து விளக்கைப் போட்டதும் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. நல்ல அறிகுறி என்று நினைத்துக்கொண்டோம். சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு சின்ன ஹால், பிளாஸ்டிக் நாற்காலிகள், இருபது பேருக்குக் கொஞ்சம் மேலே இருப்பார்கள். அப்புறம் முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் கையைத் தூக்கினார். "படம் அழகா இருக்குதுங்க. ஒண்ணு மட்டும் கேக்கணும். அந்த ஆளு எதுக்கு எந்நேரமும் அந்தப் பொண்ணு கடை முன்னாலயே நிக்கறாரு? அவ எப்படி நிம்மதியா தைப்பா?"

இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் படத்தின் எடிட்டர். இரண்டு பேரிடமும் பதில் இல்லை. இரண்டு வருடமாகப் பொறுமை என்று நம்பி நாங்கள் எடுத்தது, அவர் கண்ணுக்குத் தொந்தரவாகத் தெரிந்திருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பிறகு படம் எப்படி மாறியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். படம் இன்னும் வெளியாகவில்லை, அதனால் பெயர்கள் வேண்டாம். இது மாதிரிக் கதையைக் கையில் வைத்திருக்கிற யாருக்காவது பயன்படும் என்பதால் எங்கள் தப்பையும் மறைக்காமல் சொல்கிறேன்.

கதை

1994, ஏற்காடு. ஒரு காபி எஸ்டேட். கணக்கு எழுதுகிறவரை அங்கே ரைட்டர் என்பார்கள். எங்கள் ரைட்டருக்கு நாற்பத்தெட்டு வயது, தனி ஆள். தினமும் காலையில் மழைமானியைத் திறந்து அளந்து, எஸ்டேட் வழக்கப்படி சென்ட் கணக்கில் நோட்டில் ஏற்றுவார். நூறு சென்ட் மழை என்றால் ஓர் அங்குலம். மழை பெய்யாத நாளிலும் விடமாட்டார். போய்த் திறந்து பார்த்துவிட்டு வந்துதான் பூஜ்யம் போடுவார்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்ற இடத்துக்குப் பக்கம் ஒரு தையல் கடை. அதை நடத்துகிற அம்மாதான் கதாநாயகி. பழம் பறிக்கிறவர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் பை, கிழிந்த சாக்கு எல்லாவற்றையும் எஸ்டேட்டுக்குத் தைத்துக் கொடுக்கிறார். கணவர் திருச்செங்கோட்டு போர்வெல் லாரியில் ஏறி வடக்கே வேலைக்குப் போனவர். நாக்பூரில் இருந்து வந்ததுதான் கடைசிக் கடிதம். ஆறு வருடம் ஆகிறது. அவர் வருவார் என்று இந்த அம்மா இருக்கிறார். ரைட்டருக்கு இவர் மேல் பிரியம். சொன்னதில்லை, சொல்லப் போவதும் இல்லை.

படம் மார்ச்சில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. காபிச் செடியின் ஒரு வருடமும் அதுதான். மொட்டு கட்டிக்கொண்டு செடி மழைக்காகக் கிடக்கும். ஏறக்குறைய ஓர் அங்குல மழை விழுந்துவிட்டால் எட்டுப் பத்து நாளில் மலைச்சரிவே ஒரே வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகை மாதிரி வாசம். இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். அராபிகாவில் அந்தப் பூ பழமாகிச் சிவக்க எட்டு, ஒன்பது மாதம் ஆகும். அந்த மழைக்காக நாங்களும் யூனிட்டோடு பதினோரு நாள் மலையில் உட்கார்ந்திருந்தோம். தினப் பேட்டா ஏறிக்கொண்டே போனது. பூத்த இரண்டாம் நாள் காலையில் எடுத்த ஆறு ஷாட்டும் படத்தில் அப்படியே இருக்கின்றன. அதைப் பற்றி எந்த வருத்தமும் இல்லை.

கதையில் எனக்கு முதலில் பிடித்தது ஒரு சொல். தமிழில் உறவுமுறை போடாமல் ஒரு பெண்ணிடம் பேச்சைத் தொடங்குவது கஷ்டம். அக்கா, தங்கச்சி, அம்மிணி என்று எதையாவது சொல்லித்தான் வாயைத் திறக்கிறோம். சொன்ன அந்த நொடியே அவர் நமக்கு யார் என்பது முடிவாகிவிடுகிறது. ஊர் முழுக்க அவரை 'டெய்லரக்கா' என்கிறது. ரைட்டர் மட்டும் 'டெய்லரம்மா' என்கிறார். பத்து வயது இளையவரை அக்கா என்று கூப்பிட முடியாது. தங்கச்சி என்று கூப்பிட மனசு வராது. அந்த இடுக்கில் இருந்து அவர் கண்டுபிடித்து எடுத்த சொல் அது. காதலைப் பற்றிப் படத்தில் அவர் வாய்விட்டுச் சொல்வது அவ்வளவுதான்.

நிலம் இல்லாத திணை

காதலைப் பாடும் அகத்திணை ஏழு என்று தொல்காப்பியம் வகுக்கிறது. நடுவில் ஐந்து, ஒரு ஓரத்தில் கைக்கிளை, மறு ஓரத்தில் பெருந்திணை. கைக்கிளைதான் ஒருதலைக் காதல். நடுவில் உள்ள ஐந்தில் நான்குக்கு மலை, காடு, வயல், கடல் என்று பங்கு போட்டுக் கொடுத்தவர்கள், கைக்கிளைக்கு ஒரு நிலமும் கொடுக்கவில்லை. குறிஞ்சிக்கு மலை, அதன் ஒழுக்கம் புணர்தல். முல்லைக்குக் காடு, அதன் ஒழுக்கம் இருத்தல். போனவன் வருவான் என்று ஆற்றியிருப்பது. எங்கள் கதை நடப்பது மலையில், ஆனால் அங்கே சேருதல் கிடையாது. டெய்லரம்மா முல்லையில் இருக்கிறார். ரைட்டர் கைக்கிளையில் நிற்கிறார். ஒருவருக்காகக் காத்திருக்கும் ஒருத்தி, அவர் பக்கத்தில் எதுவும் கிடைக்காது என்று தெரிந்தே இருக்கும் ஒருவர். இயக்குநர் கதை சொன்ன அன்றைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

கைக்கிளைக்கு அந்த நூல் சொல்லும் அடையாளம் ஒன்று உண்டு. அவளிடம் இருந்து பதில் வராத போதும் தானே பேசிப் பேசி இன்பம் காண்பது. நம் சினிமாக் காதலன் இன்றுவரை அந்த வேலையைத்தான் பார்க்கிறான். பஸ் ஸ்டாப்பில் நிற்பான், காலேஜ் வாசலில் நிற்பான், வேண்டாம் என்றாலும் மறுநாள் வந்து நிற்பான். பாட்டும் போட்டு அதற்குக் காதலின் ஆழம் என்று பெயர் வைத்தோம். விருப்பம் இல்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் பின்தொடர்வது குற்றம் என்று 2013-இல் தண்டனைச் சட்டத்தில் 354டி பிரிவே வந்தது. இப்போது அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 78-ஆவது பிரிவு. அந்த மாதிரிப் படம் நாங்கள் எடுக்கவில்லை என்று உறுதியாக இருந்தோம். ரைட்டர்தான் வாயே திறப்பதில்லையே.

மலைக்குப் போகும்போதெல்லாம் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டிப் போவோம். டி. ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய ஸ்டுடியோ. கருணாநிதி வசனம் எழுதிய 'மந்திரி குமாரி' 1950-இல் இங்கிருந்துதான் போனது. தமிழின் முதல் கலர் படம் 1956-இல் இங்கிருந்துதான் வந்தது. ஸ்டுடியோ போய்விட்டது, வளைவு நிற்கிறது. வசனத்துக்குப் பேர்போன படங்கள் பிறந்த ஊரில் இருந்து வசனமே இல்லாத ஒரு காதல் படம் என்ற பெருமிதம் எங்கள் வேனில் எல்லோருக்கும் இருந்தது. அதன் பிறகுதான் இருபது கொண்டை ஊசி வளைவும் ஆரம்பிக்கும். வசனத்தை எடுத்துவிட்டால் தொந்தரவும் சேர்ந்து போய்விடும் என்று எண்ணிக்கொண்டே அத்தனை வளைவும் ஏறியிருக்கிறோம்.

எங்கே பிசகியது

திரையிட்ட அன்று இரவே, ஷாட்டுகள் வரிசையாக அடுக்கியிருக்கும் எடிட் டைம்லைனைத் திறந்து, ரைட்டர் டெய்லரம்மாவைப் பார்க்கிற இடங்களை எண்ணினேன். முறை ஒன்றுதான். ரைட்டரின் முகம், கட், அவர் பார்ப்பது, கட், மறுபடி முகம். 31 இடம். அதில் 24 இடத்தில், தன்னை ஒருவர் பார்ப்பது டெய்லரம்மாவுக்குத் தெரியாது. குனிந்து ஊசியில் நூல் கோக்கிறார். பின்கழுத்தில் வேர்வை. ஜன்னல் ஓரம் தலை துவட்டுகிறார். ரைட்டர் பாவம், ரோட்டின் இந்தப் பக்கத்தை விட்டு ஒரு அடி நகரவில்லை. எங்கள் லென்ஸ் ரோட்டைத் தாண்டி உள்ளே போய் அந்தம்மாவின் தோளில் உட்கார்ந்திருந்தது. அவர் பின்தொடரவே இல்லை, அவர் பேரில் நாங்கள் பின்தொடர்ந்திருக்கிறோம்.

எடிட்டிங் படிக்கிற எல்லோருக்கும் முதலில் சொல்லித் தருவது குலெஷோவ் என்ற சோவியத் இயக்குநர் நூறு வருடத்துக்கு முன்னால் செய்து காட்டிய பாடம். ஒன்றுமே காட்டாத ஒரு முகத்தை வைத்து, அடுத்த ஷாட்டில் ஒரு சோற்றுத் தட்டைக் காட்டினால் அந்த முகத்தில் பசி தெரியும். நம் மனசு இரண்டையும் தைத்துக்கொள்ளும். எங்கள் நடிகர் முகத்தை அவ்வளவு கவனமாக வெறுமையாக வைத்து நடித்திருந்தார். கட் மேல் கட் போட்டு அந்த முகத்தில் ஆசையை ஊற்றியது நான். டீச்சருக்கு வந்த கோபம் என் கையில் இருந்து போனது. இதைப் புரிந்துகொண்டபோது எனக்கு வெட்கமாகவே இருந்தது.

இரண்டு நாள் கழித்து இயக்குநரும் நானும் ஒரு விதி வைத்துக்கொண்டோம். ரைட்டர் அங்கே இருப்பது டெய்லரம்மாவுக்குத் தெரிந்தால் மட்டும் இரண்டு பேரும் ஒரே காட்சியில் இருக்கலாம். தெரியாது என்றால், ஒன்று காட்சி முழுக்க அந்தம்மாவுடையதாக இருக்க வேண்டும், ரைட்டர் அதில் வரக் கூடாது. இல்லை, காட்சி ரைட்டருடையதாக இருக்கட்டும், அவர் என்ன பார்க்கிறார் என்பதை நாம் பார்க்கக் கூடாது.

விதி முதலில் தின்றது எங்கள் ஒளிப்பதிவாளரின் உயிரான ஒரு ஷாட்டை. சாயந்தரம், மூடுபனி ரோட்டில் இறங்கிக் கிடக்கிறது. அதற்குள் மஞ்சளாக ஒரு ஜன்னல், ஜன்னலுக்குள் மெஷின் மேல் குனிந்த தலை. மூன்று நாள் அந்தப் பனிக்காகவே காத்திருந்து எடுத்தது. போஸ்டருக்கே அதைத்தான் நினைத்து வைத்திருந்தார். தூக்கிவிட்டோம் என்றதும் இரண்டு நாள் அவர் என் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்து எடிட் டேபிளில் உட்கார்ந்து, அந்த ஷாட் இல்லாமல் காட்சியை ஒரு முறை ஓட விடச் சொன்னார். பார்த்துவிட்டு, "இப்பத்தான் அந்தாளு மேல எனக்கு இரக்கம் வருது," என்றார். அந்த ஷாட் எனக்கும் இன்னும் மனசில் இருக்கிறது. படத்தில் இல்லை.

அந்த இடத்தில் இப்போது இருப்பது டீக்கடை. தையல் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் ஒரே சுவர். ரைட்டர் சுவருக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பக்கம் கால் மெஷின் ஓடும் சத்தம், கடகடவென்று ஒரு நீள ஓட்டம், நிற்கும், துணி திரும்பும், மறுபடி ஓட்டம். கேமரா அவர் கையில் இருக்கும் கிளாஸில் இருக்கிறது. டீ பாதிக்கு மேல் இருக்கிறது. மெஷின் நிற்கிறது. வழக்கமாக நிற்கிறதைவிட இரண்டு மூச்சு அதிகமாக நிற்கிறது. அந்தம்மா எழுந்து டீக்கு வரப் போகிறார் என்று அவருக்குத் தெரிகிறது. கிளாஸை வைக்கிறார், பக்கத்தில் சில்லறையை வைக்கிறார், எழுந்து போய்விடுகிறார். அடுத்த ஷாட்டில் டெய்லரம்மா வந்து அதே பெஞ்சில் உட்காருகிறார். பாதி குடித்த கிளாஸை ஒரு பார்வை பார்க்கிறார், கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுத் தன் டீயை வாங்கிக்கொள்கிறார்.

இதில் பெரும்பகுதி முதல் ஷூட்டிங்கிலேயே எங்களிடம் இருந்த காட்சி. பழைய எடிட்டில் அவர் எழாமல் உட்கார்ந்திருப்பார், அந்தம்மா வருவார், அவர் பார்ப்பார். எழுந்து போகிற துண்டை, வெட்டாத மூலப் பதிவான ரஷ்ஷில் விட்டுவைத்திருந்தேன். அந்தம்மா வந்து உட்காருகிற ஷாட்டை மட்டும் பிறகு எடுத்தோம். அந்தம்மா வருவதற்கு முன்னால் எழுந்து போகிறவருக்குத்தான் நான் பொறுமைசாலி என்று பெயர் கொடுப்பேன்.

கொலுசு

கொலுசுக்குப் பேர்போன சேலத்துக்காரர்கள் எடுக்கிற காதல் படத்தில் கொலுசு இல்லாமல் இருக்குமா? சவுண்ட் டிசைனர் செவ்வாய்ப்பேட்டையில் மூன்று ஜோடி வாங்கி, முத்து அதிகமாக உள்ளது, குறைவாக உள்ளது என்று தனித்தனியாகப் பதிவு செய்து வைத்திருந்தார். டெய்லரம்மா வரும் இடமெல்லாம் அது முன்னால் ஒலித்து வரும். திரையிடலுக்குப் பிறகு நடிகை கேட்டார்: "ஆறு வருஷமா புருஷன் காசு அனுப்பலைன்னா, கொலுசு கால்ல இருக்குமா சார்? அடகுக் கடையிலதான் இருக்கும்." அத்தனை டிராக்கையும் அன்றே எடுத்துவிட்டோம். அவர் நடந்தால் ரப்பர் செருப்புச் சத்தம், வேலை செய்தால் மெஷின் சத்தம், அவ்வளவுதான். பின்னணி இசையிலும் பாதிக்கு மேல் போனது.

நாற்பது ரூபாய்

படத்தின் பிற்பகுதியில், பறிப்புக் காலத்தில், சம்பள நாள் காட்சி ஒன்று வருகிறது. ஆபீஸ் வராந்தாவில் மேஜை போட்டு ரைட்டர் பட்டுவாடா செய்கிறார். ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், தையல் கூலிக்காக டெய்லரம்மாவும் நிற்கிறார். பழைய வடிவத்தில் ரைட்டர் தன் பையில் இருந்து நான்கு பத்து ரூபாய் நோட்டை யாரும் பார்க்காமல் அவர் கூலியோடு சேர்த்துவிடுவார். அந்தம்மா எண்ணாமல் முந்தானையில் முடிந்துகொண்டு, சிரித்துவிட்டுப் போவார். வயலின் எழும். எங்களுக்கு அது படத்தின் இதயம்.

அன்று ஹாலில் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க. நோட்டுல ஒரு தொகை, கையில ஒரு தொகை. நாளைக்கு யாராவது கேட்டா அவரு பேரு மட்டுமா கெடும்? அந்தம்மா பேரும்ல கெடும்?" ஹாலில் சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பிரியத்தால் ஒருவர் செய்கிற காரியம் இன்னொருத்தியின் பெயருக்கு எவ்வளவு பெரிய ஆபத்து என்பது, கணக்கு எழுதுகிறவருக்கு உடனே தெரிந்திருக்கிறது.

நடிகைக்கும் அந்தக் காட்சி மேல் முதல் நாளில் இருந்தே மனத்தாங்கல் இருந்திருக்கிறது. நாங்கள் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. இந்த முறை கேட்டோம். "சாக்குக்கு எத்தனை, பைக்கு எத்தனைன்னு கூலி பேசற பொம்பளை எண்ணாமயா வாங்குவா? சரி, அதை விடுங்க. ஒரு மனுஷன் வருஷக்கணக்கா நம்மளையே நெனச்சுட்டு இருந்தா நமக்குத் தெரியாம இருக்குமா? தெரியும் சார். தெரியாத மாதிரி இருக்கறதுக்கு நாங்க எவ்வளவு வேலை செய்யறோம்னு உங்களுக்குத் தெரியாது."

எங்கள் கதையில் இல்லாமல் போனது அதுதான். ஒருதலைக் காதல் என்று சொல்லிச் சொல்லி ஒரு தலையை மட்டுமே எழுதியிருந்தோம். மறுபக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியும், அதைப் பற்றி அவருக்கும் ஒரு முடிவு இருக்கும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. அவருக்கு எதுவும் தெரியாது என்று வைத்துவிட்டால் காதலனின் தவிப்பு தூய்மையாகத் தெரியும். ஆனால் வேண்டாம் என்று சொல்லும் உரிமையை அவரிடம் இருந்து பிடுங்கித்தான் அந்தத் தூய்மையை வாங்கியிருக்கிறோம்.

அடுத்த டிசம்பரில் மூன்று நாள் மறுபடி மலை ஏறினோம். பணம் அவ்வளவுக்குத்தான் இருந்தது. டெய்லரம்மா தனியாக இருக்கும் காட்சிகள் சில, அப்புறம் இந்தச் சம்பள நாள். நோட்டுக்காகக் கலை உதவியாளர் அலைந்த அலைச்சலைச் சொல்ல வேண்டும். காந்தி படம் போட்ட வரிசை 1996-இல்தான் வந்தது. 1994-இல் நடக்கிற கதைக்கு அசோகத் தூண் போட்ட பத்து ரூபாய் வேண்டும். பழைய நாணயம் விற்பவரிடம் நான்கு கிடைத்தன. மேலே ஒரு நோட்டு, கீழே வெறும் காகிதம் என்று கட்டைச் சமாளித்தோம், ஆனால் அந்த நான்கும் நிஜம், ஏனென்றால் கேமரா அந்த நான்கின் மேல்தான் நிற்கப் போகிறது.

டெய்லரம்மா எண்ணுகிறார். மேஜையில் இருக்கும் ஈரப் பஞ்சில் விரலைத் தொட்டு மறுபடி எண்ணுகிறார். நான்கு நோட்டைப் பிரித்து மேஜை மேல் தனியாக வைக்கிறார்.

"நாப்பது ரூபா கூட இருக்குதுங்க ரைட்டரய்யா."

"பிரேசில்ல பனி விழுந்து காபி விலை ஏறிப் போச்சுதுங்களே டெய்லரம்மா. ஆபீஸ்ல சேத்துக் குடுக்கச் சொன்னாங்க."

"ஆபீஸ்ல சொல்லியிருந்தா நோட்டுல ஏறியிருக்கும்ங்க."

ரைட்டர் பேசவில்லை.

"எனக்கு என்ன சேரணுமோ அது போதுங்க. கணக்கு சரியா இருந்தாத்தான் நாளைக்கும் நான் வந்து சாக்கு எடுத்துட்டுப் போக முடியும்."

ரெவென்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போடுகிறார். பேனாவைத் திருப்பி மூடி வைக்கிறார். போகிறார். குரல் உயரவில்லை, முகம் கடுக்கவில்லை. பின்னால் நிற்பவருக்கு அது கூலிக் கணக்குப் பேச்சுதான். மேஜைக்கு இரண்டு பக்கமும் இருக்கிறவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியும்.

பிரேசில் சங்கதி நிஜம். 1994 ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அங்கே உறைபனி விழுந்து காபித் தோட்டங்கள் கருகின. உலகம் முழுக்க விலை எகிறியது. நாங்கள் அந்த வருடத்தைத் தேர்ந்ததே அதற்காகத்தான். வேறு எந்த வருடத்திலும் ரைட்டருக்கு இவ்வளவு நம்பும்படியான பொய் கிடைத்திருக்காது. அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய்யையும் அந்தம்மா கணக்கு நோட்டைக் காட்டி மடக்கிவிடுகிறார்.

முடிவைப் பற்றிய பேச்சு

பணம் போட்டவர்களில் ஒருவர், கணவன் இறந்துவிட்டதாகத் தகவல் வரட்டும், கடைசியில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கட்டும் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அப்படி முடித்தால், ரைட்டர் இத்தனை வருடம் அந்த மனிதன் சாவதற்காகக் காத்திருந்தார் என்று ஆகிவிடும். அவருக்கு அந்த ஆசை இருந்ததில்லை. கடிதம் வந்ததா என்று போஸ்ட்மேனிடம் அந்தம்மாவுக்காக அவரும் மனசார விசாரிக்கிறவர். கணவன் வரவும் இல்லை, தகவலும் இல்லை. டிசம்பர் முடிகிறது. இயக்குநர் அசையவில்லை. அவருக்கு நான் துணை நின்றேன்.

இரண்டாம் திரையிடல்

அதே ஹால், கிட்டத்தட்ட அதே ஆட்கள். முன்பு 104 நிமிடம் இருந்த படம் 97 நிமிடமாகியிருந்தது. ஆனாலும் முன்னைவிட மெதுவாகத் தெரிந்தது, மறைக்க வேண்டியதில்லை. இரண்டு பேர் பாதியில் எழுந்து போனார்கள். ஒரு இளைஞர், "இவரு கோழைங்க. ஒரு தடவையாவது நேராச் சொல்லியிருக்கலாம்," என்றார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கேட்காத கேள்விக்கே அந்தம்மா பதில் சொல்லிவிட்டார். அதற்கு மேல் சொல்வது தன் பாரத்தை இறக்கி அவர் தலையில் வைப்பதாகத்தான் இருக்கும். ஆனால் இளைஞர் கேட்டதும் நியாயமான வலிதான். அந்த வயதில் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

டீச்சர் கடைசி வரை பேசவில்லை. எல்லோரும் எழுந்த பிறகு என் பக்கத்தில் வந்தார். "இப்ப அந்தப் பொண்ணு நிம்மதியா தைக்கிறா," என்றார். அப்புறம், "ஆனா அந்த நாப்பது ரூபா மேஜை மேலயே கெடக்குதுங்களே. அதை அவரு என்ன பண்ணினாரு?"

நான் அந்தம்மா ஃப்ரேமை விட்டுப் போனதும், மேஜை மேல் நான்கு நோட்டு காற்றில் ஓரம் துடிப்பதில் வெட்டியிருந்தேன். அழகாக இருந்தது, அதனால் வெட்டினேன். வீட்டுக்கு வந்து அந்தக் காட்சியின் ரஷ்ஷை எடுத்துப் பார்த்தேன். முதல் மூன்று டேக்கிலும் நடிகர் நோட்டுகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார், கண் கலங்குகிறது, கட். நான்காவது டேக்கில் இயக்குநர் கட் சொல்லத் தாமதித்திருக்கிறார். நடிகர் காத்துப் பார்த்துவிட்டு, தானாகவே வேலையைத் தொடர்ந்திருக்கிறார். அன்றைக்கு அதை யாரும் கவனிக்கவில்லை, நானும் தாண்டிப் போயிருக்கிறேன்.

அதில் ரைட்டர் நான்கு நோட்டையும் எடுத்து ஓரம் தட்டி அடுக்குகிறார். சட்டைப் பையில் இருந்து தன் பர்ஸை எடுத்து உள்ளே வைக்கிறார், தன் காசைத் திரும்ப எடுத்துக்கொள்கிற எந்த மனிதனும் வைக்கிற மாதிரி. அந்தம்மாவின் கையெழுத்து மேல் ஒற்றுத்தாளை வைத்து உள்ளங்கையால் ஒரு முறை அழுத்துகிறார். பிறகு தலையைத் தூக்கி வரிசையைப் பார்த்து, "அடுத்தது யாருங்க, வாங்க," என்கிறார்.

19 விநாடி. அதைச் சேர்த்துவிட்டேன்.